நகரும் ஏஜென்ட்டும் வெப் சர்வீஸும்: மூணு காத்தாடி கேட்வேக்கு எப்படிச் சேர்க்கலாம்?

பணகுடிக்காத்து எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அமைப்பு இதுதான். பணகுடி, இராதாபுரம், வள்ளியூர்ப் பக்கம் மூணு இடத்துல எட்டெட்டா மொத்தம் 24 காத்தாடி, அதாவது காற்றாலை மெஷின். இடத்துக்கு ஒரு கேட்வே பெட்டி (தரவைச் சேர்த்து வெளிய அனுப்புற சின்னக் கம்ப்யூட்டர்): டெபியன் லினக்ஸ், ஜாவா 17, 4 ஜிபி ராம். பெட்டியில ஓடுற லாகர் நிரல், கன்ட்ரோலர்ல இருந்து மோட்பஸ் டிசிபி (தொழிற்கருவிகள் பேசிக்கிற முறை) வழியா மெஷினுக்கு 40 சிக்னல், நொடிக்கு ஒரு தடவை எடுத்து எஸ்க்யூலைட்ல (ஒரே கோப்புல இருக்குற சின்னத் தரவுத்தளம்) எழுதுது. வெளிய போக 4ஜி சிம் மட்டும்தான். திருநெல்வேலியில ஒரு சர்வர் இருக்கு, அதுக்கு நிலையான பொது ஐபி உண்டு.

கேட்க வேண்டிய கேள்வி வாரத்துக்கு வாரம் மாறுது. ஒரு வாரம் கியர்பாக்ஸ் பேரிங் சூடு, அடுத்த வாரம் மெஷின் முகம் காத்துக்கு நேரா நிக்குதா, அதுக்கடுத்து கிரிட் வோல்டேஜ் இறங்கும்போது எந்த மெஷின் முதல்ல விழுது. 24 மெஷினையும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டாத்தான் பதில் கிடைக்கும்.

ஜேட்ல (ஜாவாவுல ஏஜென்ட் எழுதுற பிளாட்பார்ம்) ஒரு நகரும் ஏஜென்ட், அதாவது பெட்டி விட்டுப் பெட்டி தாவி ஓடுற நிரல், எழுதி, அது மூணு கேட்வேக்கும் போய் கணக்குப் போட்டுத் திரும்பி வரணும். ஆபீஸ் மென்பொருள் அதைச் சாதாரண வெப் சர்வீஸாக் கூப்பிடணும். ஜேட் ஏஜென்ட்டை வெப் சர்வீஸா வெளிய காட்ட டபிள்யூஎஸ்ஐஜின்னு ஒரு துணைக் கருவி இருக்கு. ஏஜென்ட்டையே டபிள்யூஎஸ்ஐஜி வழியா வெப் சர்வீஸாப் பதிவு பண்ணிட்டாப் போதுமா? வேற என்ன பார்க்கணும்?


சீவலப்பேரி எழுதியது:

ஏஜென்ட் வேணுமான்னு முதல்ல கணக்குப் பாருங்க. சிக்னலுக்கு 4 பைட்டுன்னா வரிக்கு 160 பைட். பத்து நிமிஷ சராசரி எடுத்தா நாளைக்கு 144 வரி, மெஷினுக்கு 23 கேபி. 24 மெஷினுக்கும் சேர்த்து 553 கேபி. ராத்திரி ஒரு ரெஸ்ட் போஸ்ட்ல (சாதாரண எச்டிடிபி அழைப்பு) மொத்தமும் சர்வருக்கு வந்துரும், அப்புறம் தரவுத்தளத்தைக் கேக்குற எஸ்க்யூஎல்தான். பவர் கர்வ் (எந்தக் காத்து வேகத்துக்கு எவ்வளவு மின்சாரம்ங்கிற கோடு) போட தொழில் முழுக்க பத்து நிமிஷ சராசரியைத்தான் எடுக்குது.

நகரும் ஏஜென்ட் 1990-கள்ல பெரிய பேச்சா இருந்துச்சு. ஜெனரல் மேஜிக்கோட டெலிஸ்கிரிப்ட், ஐபிஎம்மோட ஏக்லெட்ஸ் எல்லாம் அப்ப வந்ததுதான். பரவலா நிக்கல. தன் மெஷின்ல அடுத்தவன் கோடு ஓடுறதை யாரும் விரும்பல, அதுதான் பெரிய காரணம். அந்தக் காரணம் இன்னிக்கும் அப்படியே இருக்கு.


குறுக்குத்துறை எழுதியது:

//பத்து நிமிஷ சராசரி எடுத்தா//

பத்து நிமிஷத் தரவுக்கு ஏஜென்ட் வேண்டாம், அதை ஒத்துக்கிடுதேன். தம்பி, அந்த 553 கேபியை எப்படியும் தினமும் அனுப்பிருங்க. ஆனா மெஷின் முகம் ஆடுறதும் பிட்ச் (இறக்கைக் கோணம்) தடுமாறுறதும் பத்து நிமிஷ சராசரிக்குள்ள கரைஞ்சு போகும். நொடித் தரவுன்னா கணக்கு மாறுது. மெஷினுக்கு நாளைக்கு 86,400 வரி, 13.8 எம்பி. 24-க்கும் 332 எம்பி. ஏழு நாளைக்குக் கேட்டா 2.3 ஜிபி. அது சிம் வழியா வரணும்.

இப்ப ஏஜென்ட் பக்கம். 2 மெகாவாட் மெஷினை 50 கிலோவாட் படிகளாப் பிரிச்சா 40 படி. படிக்கு மூணு எண் போதும்: எத்தனை அளவு, சராசரி, சராசரியில இருந்து விலகலோட வர்க்கக் கூட்டல். மூணும் எட்டு பைட் எண்ணுன்னா மெஷினுக்கு 960 பைட், 24 மெஷினுக்கு 23 கேபி. கிளாஸ் கோப்புகள் (ஏஜென்ட்டோட நிரல்) ஒரு 60 கேபின்னு வைங்க. சர்வர்ல கிளம்பி மூணு இடம் சுத்தித் திரும்ப நாலு தாவல், தாவலுக்கு 83 கேபி, ஆக மொத்தம் 332 கேபி. ஒரு நாள் தரவோட ஆயிரத்துல ஒரு பங்கு. ஏழு நாளைக் கேட்டாலும் இந்த அளவு அதிகமாகாது.

வர்க்கங்களை அப்படியே கூட்டி வச்சு கடைசியில கழிக்காதீங்க. 70 டிகிரியைச் சுத்தி அரை டிகிரி வித்தியாசம் தேடும்போது, நாலு பைட் எண்ணுல கூட்டினா இலட்சக்கணக்கான வரியில துல்லியம் போயிரும். வெல்ஃபோர்ட் முறையில ஓட்டத்துலயே சராசரியைத் திருத்திக்கிட்டு வாங்க. இடத்துக்கு இடம் வர்ற மூணு எண்களையும் பிறகு இழப்பில்லாம இணைக்கலாம். இதுதான் சுத்தி வர்ற ஏஜென்ட்டுக்கு ஏத்த கணக்கு.

இன்னொண்ணு. கிரிட் சரிவு பெரும்பாலும் ஒரு நொடிக்குள்ள முடிஞ்சிரும். எந்த மெஷின் முதல்ல விழுந்ததுங்கிறதுக்கு நொடித் தரவு உதவாது. கன்ட்ரோலரோட அலாரம் லாக்ல மில்லிநொடி முத்திரை இருந்தா அதைப் படிங்க.

இனி உங்க முக்கியக் கேள்வி.

//ஏஜென்ட்டையே டபிள்யூஎஸ்ஐஜி வழியா வெப் சர்வீஸாப் பதிவு பண்ணிட்டாப் போதுமா?//

போதாது. அப்படிப் பண்ணவும் கூடாது. டபிள்யூஎஸ்ஐஜி வேலை செய்யுற விதம் இது: டாம்கேட்ல (ஜாவா வெப் சர்வர்) ஓடுற வெப் அப்ளிகேஷன், அதுக்குள்ளயே ஒரு ஏஜென்ட். அந்த ஏஜென்ட் ஜேட்டோட டிஎஃப்ல, அதாவது மஞ்சள் பக்கப் பதிவேட்டுல, சந்தா போட்டு உக்காந்திருக்கும். யாராவது தன் சேவைப் பதிவுல 'டபிள்யூஎஸ்ஐஜி' பண்புக்கு 'ட்ரூ'ன்னு போட்டுப் பதிஞ்சா, அவங்க ஆன்டாலஜியில (செய்தியில வர்ற சொற்களோட பட்டியல்) இருக்குற ஒவ்வொரு ஆக்ஷனையும் ஒரு ஆபரேஷனாக்கி டபிள்யூஎஸ்டிஎல் (சேவையை எப்படிக் கூப்பிடணும்னு சொல்ற கோப்பு) உண்டாக்கும். சோப் (எக்ஸ்எம்எல்ல எழுதின வெப் சர்வீஸ் முறை) கோரிக்கை வந்தா அதை ஏசிஎல் (ஏஜென்ட்டுகள் பேசிக்கிற மொழி) ரெக்வெஸ்ட் செய்தியா மாத்தி ஏஜென்ட்டுக்குப் போடும். பதில் வந்ததும் திரும்ப சோப். இவ்வளவும் எச்டிடிபி இணைப்பு திறந்திருக்கும்போதே நடந்து முடியணும்.

நகரும் ஏஜென்ட் தாவிக்கிட்டு இருக்கும்போது வர்ற செய்திகளை ஜேட் தேக்கி வச்சு, இறங்கின இடத்துல கொடுத்துரும். செய்தி தொலையாது. ஆனா அந்தப் பக்கம் காத்திருக்கிற எச்டிடிபி கிளையன்ட் டைம்அவுட் ஆகிப் போயிருக்கும். திரும்பக் கூப்பிடும். இரண்டாவது ஆய்வு தொடங்கும்.

அதனால இரண்டு ஏஜென்ட் வைங்க. ஒண்ணு வாசல் ஏஜென்ட்: திருநெல்வேலி சர்வரை விட்டு நகராது, இது மட்டும்தான் வெப் சர்வீஸாப் பதிவாகும். இன்னொண்ணு சுத்து ஏஜென்ட்: வெளி உலகத்துக்கு அது இருக்கிறதே தெரியக் கூடாது. வாசல்ல மூணே ஆபரேஷன். 'ஆய்வு தொடங்கு'ன்னா உடனே ஒரு டோக்கன் எண் கொடுத்து முடிச்சிரணும். 'நிலை என்ன'ன்னா எந்த இடத்துல இருக்கு, எத்தனை மெஷின் முடிஞ்சுது. 'முடிவு கொடு'. முன்னால ரெஸ்ட் முகப்பு வச்சா தொடங்குற அழைப்புக்கு 202 பதிலும், நிலை பார்க்குற முகவரியை லொகேஷன் ஹெடர்லயும் கொடுங்க. எத்தனை நொடி கழிச்சுக் கேக்கணும்னு ரீட்ரை ஆஃப்டர் ஹெடர்ல சொல்லிட்டா கிளையன்ட் நொடிக்கொரு தடவை வந்து தட்டாது.


பணகுடிக்காத்து எழுதியது:

வாசல், சுத்து பிரிவு நல்லா விளங்குது அண்ணாச்சி. ரெண்டு இடத்துல முட்டுது. டாம்கேட் 10-ல டபிள்யூஎஸ்ஐஜி ஏறவே மாட்டேங்குது, சர்வ்லெட் (வெப் கோரிக்கையைக் கையாளுற ஜாவா பகுதி) கிளாஸ் இல்லைன்னு பிழை. ரெண்டாவது, சுத்து ஏஜென்ட் முதல் தாவல்லயே 'நாட் சீரியலைசபிள்' (அனுப்புறதுக்கு பைட்டா மாத்த முடியலை) பிழை கொடுக்குது. ஒரு வழியா அதைக் கடந்தா, போன இடத்துல ஏசிஎல் செய்தியைப் படிக்கும்போது மொழியும் ஆன்டாலஜியும் தெரியலைன்னு சொல்லுது.


குறுக்குத்துறை எழுதியது:

டாம்கேட் 10-ல இருந்து சர்வ்லெட் பேக்கேஜோட பேரே 'ஜாவாக்ஸ்'ல இருந்து 'ஜகார்த்தா'வுக்கு மாறிட்டு. டபிள்யூஎஸ்ஐஜி பழைய பேரை நம்பித் தொகுத்தது. டாம்கேட் 9-ல போடுங்க, ஏறிரும். அதே மாதிரி ஜாவா 11-ல இருந்து சோப்புக்கான ஜாக்ஸ் டபிள்யூஎஸ் பகுதி ஜேடிகேக்குள்ள கிடையாது. கிளையன்ட் பக்கம் அதைத் தனி ஜார் கோப்பாச் சேர்க்கணும்.

தாவல் விஷயம். ஜேட்ல நகர்றது ஏஜென்ட்டோட மாறிகளும் கிளாஸ் கோடும்தான். ஓடிக்கிட்டிருந்த வரி, ஸ்டாக், த்ரெட் எதுவும் கூட வராது. இதை மனசுல வச்சு எழுதினாப் பாதிப் பிழை வராது.

எஸ்க்யூலைட் இணைப்பு, ஏஜென்ட்டோட சொந்த லாக் எழுதுற பொருள், கோப்புக் கைப்பிடி எல்லாத்தையும் 'டிரான்சியன்ட்'னு (கூட அனுப்ப வேண்டாம்னு) குறிங்க. தாவுறதுக்கு முன்னால ஜேட் கூப்பிடுற 'பிஃபோர்மூவ்'ல மூடுங்க, இறங்கினதும் கூப்பிடுற 'ஆஃப்டர்மூவ்'ல திரும்பத் திறங்க. பிஹேவியருக்குள்ள (ஏஜென்ட்டோட வேலைத் துண்டு) லாம்டா (பேரில்லாத சின்ன ஃபங்ஷன்) எழுதி மாறியில வச்சிருந்தா, அதுவும் சீரியலைஸ் ஆகாது. உங்க முதல் பிழை அநேகமா இந்த ரெண்டுல ஒண்ணு.

கன்டென்ட் மேனேஜர்ல பதிஞ்ச மொழியும் ஆன்டாலஜியும் கூட வராது. 'ஆஃப்டர்மூவ்'ல எஸ்எல் கோடெக்கையும் (செய்தி மொழியைப் படிக்கிற பகுதி) உங்க ஆன்டாலஜியையும் மறுபடி பதியணும். அதுதான் உங்க கடைசிப் பிழை.

'டூமூவ்'னு கூப்பிட்ட அந்த வரியிலயே ஏஜென்ட் பறந்துராது. அந்த ஆக்ஷன் மெதட்ல மிச்சமிருக்குற வரிகள் ஓடி முடிஞ்சுதான் தாவும். அதனால அதைக் கடைசி வரியா வைங்க. இறங்கின இடத்துல ஆக்ஷன் முதல் வரியில இருந்து திரும்ப ஓடும். எந்தப் படியில இருக்கோம்னு ஒரு எண்ணை மாறியில வச்சுப் பிரிங்க, இல்லைன்னா எஃப்எஸ்எம் (படிப்படியா நிலை மாறுற) பிஹேவியர் எழுதுங்க.

இலக்கு கேட்வேயில இல்லாத கிளாஸை ஜேட் ஏஜென்ட் கிளம்பின கண்டெய்னர்ல (ஒரு பெட்டியில ஓடுற ஜேட்) இருந்து ஒவ்வொண்ணாக் கேட்டு வாங்கும். 30 கிளாஸ்னா 30 போக்குவரத்து. சிம் இணைப்புல ஒவ்வொண்ணும் நேரம் தின்னும், நடுவுல அறுந்தா 'கிளாஸ் நாட் ஃபவுண்ட்'. அதுக்காக எல்லாத்தையும் கேட்வேயோட கிளாஸ்பாத்ல வச்சா வேற சிக்கல் வரும்: நீங்க சர்வர்ல கோடைத் திருத்தினாலும் கேட்வேயில இருக்குற பழைய கிளாஸ்தான் ஓடும். இல்லைன்னா சீரியல் வெர்ஷன் பொருந்தாம உடையும். மாறாத அடிப்படை கிளாஸ்களை, அதாவது ஆன்டாலஜி, தரவு படிக்கிறது, புள்ளிவிவரம் இதையெல்லாம், கேட்வேயில நிறுவிருங்க. வாரா வாரம் மாறுற ஆய்வுப் பகுதியை மட்டும் இரண்டு மூணு கிளாஸா ஏஜென்ட்டோட அனுப்புங்க. ஆய்வு கிளாஸ் பேர்லயே பதிப்பு எண்ணைப் போடுங்க. கோடு மாறினா பேரும் மாறணும்.

எண்களை வெறும் டபுள் அரேயில வைங்க. அரேலிஸ்ட்ல டபுள் பொருளா வச்சா சீரியலைஸ் ஆகும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் கூடுதல் சுமை ஏறும்.


வள்ளியூர்லைன் எழுதியது:

அண்ணாச்சி கோடைச் சொல்லிட்டாரு, நான் லைனைச் சொல்லுதேன். இங்கதான் நிறைய பேர் மாட்டுதாங்க.

4ஜி சிம்முக்குப் பெரும்பாலும் தனிப் பொது முகவரி கிடையாது, ஆபரேட்டரோட என்ஏடிக்குப் (பல சிம் ஒரே பொது முகவரியைப் பகிர வைக்குற அமைப்பு) பின்னால இருக்கும். கேட்வே சர்வரைக் கூப்பிடலாம், சர்வர் கேட்வேயைக் கூப்பிட முடியாது. ஜேட்டோட ஆர்எம்ஐக்கு (வேற பெட்டியில இருக்குற ஜாவா நிரலைக் கூப்பிடுற முறை) ரெண்டு பக்கமும் கூப்பிடணும். கண்டெய்னர் சேர்ந்த மாதிரி தெரியும், ஏஜென்ட்டை அனுப்பினா தொங்கிரும். 1099 போர்ட்டை மட்டும் திறந்து விட்டாலும் இதேதான். 1099 பேர் விசாரிக்கிற இடம், அதுக்கு மேல ஆர்எம்ஐ வேற போர்ட்டுகளையும் திறக்கும்.

வயர்கார்ட் (பூட்டின விபிஎன் டனல்) போடுங்க. திருநெல்வேலி சர்வர் நடுவுல, மூணு கேட்வேயும் அதுக்கு. கேட்வே பக்கம் கீப்அலைவ் (இணைப்பு உசிரோட இருக்க அனுப்புற சின்னப் பொட்டலம்) 25 நொடி கட்டாயம் வேணும், இல்லைன்னா ஆபரேட்டரோட என்ஏடி அந்த வழியை மறந்துரும், சர்வர்ல இருந்து போறது எதுவும் சேராது. டனலுக்குள்ள இந்த நாலு முகவரிக்கு நடுவுல எல்லா போர்ட்டும் திறந்திருக்கட்டும், வெளிய யுடிபி 51820 மட்டும்.

எம்டியு (ஒரு பொட்டலத்தோட அதிகபட்ச அளவு) பாருங்க வே, இது ஆளை அலைக்கழிக்கும். வயர்கார்ட் 1420-னு வைக்கும். சிம் வழியில அந்த அளவு பொட்டலம் போகலைன்னா சின்ன ஏசிஎல் செய்தி எல்லாம் ஜோரா போகும், 83 கேபி ஏஜென்ட் மட்டும் பாதியில நிக்கும். கோடுல பிழைன்னு தேடிக்கிட்டே இருப்பிய. 1280-க்கு இறக்கிட்டு முயற்சி பண்ணுங்க.

டெபியன்ல ஹோஸ்ட்ஸ் கோப்புல பெட்டி பேருக்கு 127.0.1.1-னு ஒரு வரி இருக்கும். ஜாவா அதையே தன் முகவரின்னு எடுத்து சர்வருக்குக் கொடுக்கும். சர்வர் அந்த முகவரிக்குக் கூப்பிட்டா தனக்கே கூப்பிட்ட மாதிரி. ஜேட்டோட 'லோக்கல் ஹோஸ்ட்' ஆப்ஷன்லயும், ஜாவாவோட 'ஆர்எம்ஐ சர்வர் ஹோஸ்ட்நேம்' பண்புலயும் வயர்கார்ட் முகவரியை எழுதுங்க.

அடுத்தது, லைன் அறுறது. சாதாரணமா ஆர்எம்ஐ இணைப்பு அறுந்தா சர்வர்ல ஓடுற மெயின் கண்டெய்னர் அந்தக் கேட்வேயையே பட்டியல்ல இருந்து எடுத்துரும். அங்க இருக்குற ஏஜென்ட் செத்ததா ஏஎம்எஸ் (ஜேட்டோட ஏஜென்ட் பதிவேடு) முடிவு பண்ணும், ஆனா அது அங்க உசிரோட கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கும். இதுக்கு யுடிபி நோடு மானிட்டரிங் சர்வீஸை மெயின்லயும் மூணு கேட்வேயிலயும் சேர்ந்து போடணும். இத்தனை நேரம் வரை தாங்கிக்கோன்னு அதுல சொல்லலாம். ஒரு எச்சரிக்கை: 'சர்வீசஸ்' ஆப்ஷனைக் கையால எழுதிட்டா, ஜேட் தானாச் சேர்க்குற மொபிலிட்டியும் நோட்டிஃபிகேஷனும் போயிரும். அது ரெண்டையும் அதே வரியில சேர்த்து எழுதணும். இல்லைன்னா ஏஜென்ட் நகரவே நகராது, ஏன்னும் உடனே புலப்படாது.


தச்சநல்லூர் எழுதியது:

பாதுகாப்பை விட்டுவிட்டு இதை இயக்க வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். சீவலப்பேரி முதலில் சொன்ன ஆட்சேபணை இந்த இடத்தில்தான் உயிரோடு இருக்கிறது.

மோட்பஸ்ஸில் அடையாளச் சோதனை என்பதே கிடையாது. 502 போர்ட்டை எட்ட முடிந்தவர் ரெஜிஸ்டரைப் படிக்கலாம், எழுதலாம். சுத்து ஏஜென்ட் ஓடும் பெட்டியிலிருந்து அந்த போர்ட் எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஓடும் காத்தாடியின் கன்ட்ரோலருக்கு ஒரு தவறான எழுத்து போனால் அது தரவுப் பிழையோடு நிற்காது.

முன்பெல்லாம் ஏஜென்ட்டை அடைத்து வைக்க ஜாவாவின் செக்யூரிட்டி மேனேஜரை நம்பினார்கள். ஜாவா 17-ல் அது நீக்கப்பட இருப்பதாக அறிவிக்கப்பட்டது; ஜாவா 24-ல் நிரந்தரமாக முடக்கப்பட்டுவிட்டது. எனவே அடைப்பை லினக்ஸ் மட்டத்தில் செய்யுங்கள். மோட்பஸ் படிக்கும் லாகருக்கு ஒரு பயனர், ஜேட் கண்டெய்னருக்கு வேறொரு பயனர். என்எஃப்டேபிள்ஸில் (லினக்ஸின் ஃபயர்வால்) வெளிச்செல்லும் பாதையில் பயனர் எண்ணைப் பார்க்கும் விதி எழுதலாம்: ஜேட் பயனரிடமிருந்து கிளம்புவது வயர்கார்ட் முகவரிகளுக்கு மட்டும் போகலாம், மற்ற அனைத்தும் தடை. சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளை இயக்கும் பகுதி) கோப்பில் கோப்பு முறைமையைப் படிப்பு மட்டும் என்று வையுங்கள், கூடுதல் அதிகாரம் பெறுவதைத் தடுங்கள், நினைவகத்துக்கு 1 ஜிபி, சிபியுவுக்கு பாதிக்கு மேல் போகாதபடி வரம்பு. கணக்கு எவ்வளவு கனமானாலும் லாகர் ஒரு நொடியைக்கூடத் தவறவிடக் கூடாது.

வெளியிலிருந்து வரும் பைட்டுகளைப் பொருளாக மாற்றும் ஜாவா சீரியலைசேஷன் பழைய ஆபத்து. ஜாவா 9 முதல் வடிகட்டி இருக்கிறது. உங்கள் பேக்கேஜ், ஜேட் பேக்கேஜ்கள், ஜாவா அடிப்படை மாட்யூல், ஆர்எம்ஐ மாட்யூல் ஆகியவற்றை அனுமதித்து, கடைசியில் மற்ற எல்லாவற்றுக்கும் மறுப்பு. அதோடு அதிகபட்ச பைட், ஆழம் இரண்டுக்கும் எல்லை. ஜேட்டைப் பட்டியலில் சேர்க்க மறந்தால் கண்டெய்னர் மெயினோடு சேரவே முடியாது. அதே வடிகட்டி ஆர்எம்ஐக்கும் பொருந்துகிறது.

ஜார் கோப்பில் கையொப்பம் போட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ஜேட் கிளாஸ்களைத் தனித்தனியாக எடுத்துப் போகும்போது அந்தக் கையொப்பம் கூடப் போவதில்லை. யார் ஏஜென்ட் அனுப்பலாம் என்பதை வயர்கார்ட் சாவிதான் முடிவு செய்கிறது. சாவி கேட்வேக்கு ஒன்றாக இருக்கட்டும்.

வாசல் பக்கம்: டபிள்யூஎஸ்ஐஜியை நேரடியாக இணையத்தில் திறக்காதீர்கள். முன்னால் ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸி (கோரிக்கையை முதலில் வாங்கி உள்ளே கொடுக்கும் சர்வர்), டிஎல்எஸ் (இணைப்பை மறைகுறியாக்குவது), கிளையன்ட் சான்றிதழ். டபிள்யூஎஸ்ஐஜியோடு வரும் சோதனைப் பக்கத்தையும் மூடுங்கள்.


கரிசல்காடு எழுதியது:

அக்கா சொன்ன தனிப் பயனர் சரி, ஆனா எஸ்க்யூலைட்ல அதனாலேயே ஒரு சிக்கல் வரும். லாகர் டபிள்யூஏஎல் முறையில (மாற்றங்களை முதல்ல பக்கத்துல ஒரு தனிக் கோப்புல எழுதுறது) எழுதினா, படிக்கிறவருக்கும் பக்கத்துல இருக்குற பகிர்வுக் கோப்பைத் தொட அனுமதி வேணும். படிப்பு மட்டும்னு பூட்டின பயனர் திறந்தா 'தரவுத்தளத்தைத் திறக்க முடியவில்லை'ன்னு வரலாம். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோப்புன்னு பிரிங்க. நள்ளிரவுல லாகர் பழைய கோப்பை சாதாரண ஜர்னல் முறைக்கு மாத்தி மூடிரட்டும். ஏஜென்ட் நேத்து வரைக்கும் உள்ள கோப்புகளை மட்டும் படிக்கட்டும். இன்னிக்கு நடக்குற எழுத்தை அது தொடவே வேண்டாம்.

அளவுலயும் ஒரு திருத்தம். எஸ்க்யூலைட்ல மிதவைப் புள்ளி எண் 8 பைட் பிடிக்கும். மேல போட்ட கணக்கு 4 பைட்டுக்கு. டிஸ்க்குல இரட்டிப்புக்கு மேல ஆகும், 90 நாள் வைக்கணும்னா 32 ஜிபி கார்டு போட்டா திணறும். ஏழு நாளைக்கு எட்டு மெஷின்னா 48 இலட்சம் வரி. எல்லாத்தையும் நினைவுக்கு ஏத்தாதீங்க, வேண்டிய ரெண்டு மூணு காலத்தை மட்டும் கேட்டு வரி வரியாப் படிங்க.

நேரம்: கேட்வேயில குரோனி (கடிகாரத்தைச் சரியா வைக்குற நிரல்) ஓடட்டும், தரவு முழுக்க யுடிசியில இருக்கட்டும். டபிள்யூஎஸ்டிஎல்ல தேதி நேரத்துக்கு மண்டலம் எழுதாம விட்டா ஒவ்வொரு கிளையன்ட்டும் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கும். கிரிட்டுக்கு ஷெட்யூல் (எவ்வளவு மின்சாரம் வரும்ங்கிற முன்கணிப்பு) கொடுக்குறது நாளைக்கு 96 கால் மணிக் கட்டம், இந்திய நேரம் நள்ளிரவுல தொடங்கும். அஞ்சரை மணி நேரம் தப்பினா 22 கட்டம் தள்ளி விழும். எண் எல்லாம் நம்புற மாதிரியே இருக்கும், அதுதான் ஆபத்து. +05:30-ஐக் கட்டாயம் எழுதுங்க.

ஆன்டாலஜிக்குச் சொந்தமாப் பேர் வைக்க வேண்டாம். ஐஇசி 61400-25 காத்தாடித் தகவலுக்கே உள்ள தரம். ரோட்டர், டிரான்ஸ்மிஷன், ஜெனரேட்டர், திரும்பும் பகுதி எல்லாத்துக்கும் அதுல பேர் இருக்கு. அதோட நாலாவது பகுதியில சோப் வெப் சர்வீஸ் வழியா எப்படிக் கொடுக்கணும்னும் இருக்கு. நாளைக்கு வேற கம்பெனி மெஷின் சேர்ந்தாலும் ஆய்வுக் கோடு மாறாது.


சீவலப்பேரி எழுதியது:

இவ்வளவும் படிச்ச பிறகும் ரெண்டு கேள்வி நிக்குது. ஒண்ணு, இராதாபுரம் கேட்வேயில கரண்டு போனா அங்க இருந்த ஏஜென்ட்டும் போச்சு, அதுவரை போட்ட கணக்கும் போச்சு. ரெண்டு, அதே சுருக்கக் கணக்கை மூணு கேட்வேயிலயும் நிலையா ஒரு ரெஸ்ட் சர்வீஸா வச்சு, சர்வர்ல இருந்து மூணையும் கேட்டா, அதே 23 கேபிதானே வரும்? நகர்றது எதுக்கு? கோடை மாத்தணும்னா ஆன்சிபிள்ல (பல பெட்டிக்கு ஒரே தடவையில நிறுவுற கருவி) தள்ளிடலாம்.

கோடுதான் நகரணும்னா வெப்அசெம்பிளி (அடைப்புக்குள்ள ஓடுற நிரல் வடிவம்) இருக்கு. 2019 டிசம்பர்ல டபிள்யூ3சி பரிந்துரையா ஆயிட்டு. மாட்யூலை எச்டிடிபி போஸ்ட்ல அனுப்பினா, அதை வாங்குற நிரல் வாஸ்ம்டைம்ல (வெப்அசெம்பிளியை ஓட்டுற மென்பொருள்) ஓட்டும். நாம கொடுக்காத வரைக்கும் அதுக்குக் கோப்பும் தெரியாது, நெட்வொர்க்கும் தெரியாது. 'ஃப்யூயல்' அளவு வச்சு ஓட்டத்துக்கும் எல்லை போடலாம். செக்யூரிட்டி மேனேஜர் போன கவலையே இல்லை.


குறுக்குத்துறை எழுதியது:

ரெண்டாவது கேள்விக்கு முதல்ல வாரேன், அதுதான் கனமானது. மூணு கேட்வேயும் உங்களோடது, கேள்வி மாறாதுன்னா நிலையான ரெஸ்ட் சர்வீஸ்தான் சரி. அதை மறுத்துப் பேச எதுவும் இல்லை. நகர்றதுக்கு நியாயம் கிடைக்குற இடம் ரெண்டு. முதல் இடத்துல கண்டதை வச்சு அடுத்த இடத்துல என்ன தேடணும்னு மாறும்போது. பணகுடியில ஒரு பேரிங் 600 கிலோவாட் படிக்கு மேலதான் சூடாகுதுன்னு தெரிஞ்சா, இராதாபுரத்துல அந்தப் படிகளை மட்டும் நுணுக்கமாப் பார்க்கலாம். இன்னொண்ணு, லைன் அறுந்து அறுந்து வரும்போது. சர்வர் மூணு தடவை கேட்டு மூணு தடவை காத்திருக்குறதுக்குப் பதிலா, வேலை அங்கேயே முடிஞ்சு, லைன் வந்ததும் கிளம்பும். பணகுடித் தம்பி, மாறாத கேள்விகளை நிலையான சர்வீஸாவும், மாறுறதை மட்டும் ஏஜென்ட்டாவும் பிரிச்சு எழுதுங்க. வாசல்ல ரெண்டும் ஒரே மூணு ஆபரேஷன்தான், கூப்பிடுறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது.

ஏஜென்ட் சாவுறது. ஒவ்வொரு மெஷின் முடிஞ்சதும் அந்த 960 பைட்டை வாசலுக்கு ஏசிஎல் செய்தியா அனுப்புங்க. வாசல் அதைக் கோப்புல எழுதிக்கட்டும். 20 நிமிஷம் தகவல் இல்லைன்னா வாசல் கடைசியா வந்த நிலையில இருந்து புது ஏஜென்ட்டைக் கிளப்பும். பழசு சாகாம லைன் மட்டும் போயிருந்தா ரெண்டு பேர் சுத்துவாங்க, அதனால தலைமுறை எண் வைங்க. ஏஜென்ட் பேரே டோக்கன் எண்ணும் தலைமுறை எண்ணுமா இருக்கட்டும், ஒரே பேர்ல ரெண்டு ஏஜென்ட்டை ஜேட் விடாது. வாசல் குறைஞ்ச தலைமுறையோட தகவலை வாங்காமத் தள்ளிரணும். மெஷின் எண்ணை வச்சு எழுதுறதால ஒரே தகவல் ரெண்டு தடவை வந்தாலும் கூட்டல் இரட்டிப்பாகாது. இதைச் செய்யலைன்னா சில மெஷினுக்கு அளவு எண்ணிக்கை 6,04,800-க்கு மேல நிக்கும். ஏழு நாள்ல அதுக்கு மேல நொடி கிடையாது, அதையே ஒரு சோதனையா வாசல்ல எழுதிருங்க.

லைன் மணிக்கணக்கா போற இடம்னா, ஒரே பிளாட்பார்மைப் பிடிச்சுத் தொங்காம இடத்துக்கு ஒரு தனி ஜேட் பிளாட்பார்ம் வச்சு, ஐபிஎம்எஸ் (பிளாட்பார்ம் விட்டு பிளாட்பார்ம் தாவ வைக்குற) கூட்டுறுப்பால தாவ விடலாம். அது ஏஜென்ட்டை ஏசிஎல் செய்திக்குள்ள வச்சு எச்டிடிபி வழியா, வழக்கமா 7778 போர்ட்ல, அனுப்பும். மெயின் இல்லாமலே ஒவ்வொரு இடமும் நிக்கும். பராமரிப்பு நாலு மடங்கு ஆகும். மூணு கேட்வேக்கு யுடிபி கண்காணிப்பு போதும்.

வெப்அசெம்பிளி பத்தி: அடைப்பு விஷயத்துல ஜாவாவை விடச் சுத்தம், மறுக்கலை. புதுசாத் தொடங்குறவங்களுக்கு அதையே சொல்லுவேன். ஆனா டிஎஃப், வாசல், தலைமுறை, செய்தித் தேக்கம் இதெல்லாம் கையால கட்டணும். தம்பிக்கு ஜாவாவும் ஜேட்டும் கையில இருக்கு. கூப்பிடுறவங்க வாசலை மட்டும் பார்க்குறதால, நாளைக்கு உள்ள இருக்குறதை வெப்அசெம்பிளிக்கு மாத்தினாலும் ஆபீஸ் மென்பொருள்ல ஒரு வரி மாறாது.


பணகுடிக்காத்து எழுதியது:

அப்ப இப்படிப் போறேன். பத்து நிமிஷத் தரவு தினமும் ரெஸ்ட்ல. நொடித் தரவுக்கு வாசல், சுத்து ரெண்டும். ஒரே பிளாட்பார்ம், வயர்கார்ட், எம்டியு 1280, யுடிபி கண்காணிப்பு. ஜேட்டுக்குத் தனிப் பயனர், நாள் கோப்பு, தலைமுறை எண். பெட்டியை வெளியில நிறுவுறதுக்கு முன்னால மேசையில வச்சே லைன் அறுறதைச் சோதிக்க என்ன வழி? நிறுவ எந்த மாசம் தோது?


வள்ளியூர்லைன் எழுதியது:

மேசையில மூணு பெட்டியையும் வைங்க. வயர்கார்ட் இடைமுகத்து மேல டிசி கட்டளையோட நெட்எம் (லினக்ஸ்ல மோசமான லைனைப் போலி பண்ணுற வசதி) போட்டு 150 மில்லிநொடி தாமதம், 40 மில்லிநொடி ஆட்டம், 5 சதவீதம் இழப்பு கொடுங்க. அதுல ஒரு சுத்து முழுசா வரணும். அடுத்து ஏஜென்ட் தாவுற நேரத்துல இடைமுகத்தை 30 நொடி இறக்கி ஏத்துங்க. பிறகு 30 நிமிஷம். கடைசியா, கணக்கு ஓடும்போது நடுப் பெட்டியோட கரண்டைப் பிடுங்குங்க. நாலு தடவையும் வாசல்ல எண்ணிக்கை சரியா நிக்கணும், லாகர் கோப்புல பெட்டி ஓடின நொடி ஒண்ணுகூட விடுபடக் கூடாது.

'எட்டும் போர்ட்' சோதனையும் பண்ணுங்க: ஜேட் பயனரா நுழைஞ்சு கன்ட்ரோலரோட 502-க்கு இணைப்பு கேளுங்க. மறுக்கணும். அக்கா சொன்னதுல இதை மட்டும் விட்டுராதீங்க.

மாசம்னா, தை முடிஞ்சு சித்திரைக்குள்ள. வைகாசிக்கு மேல ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து எடுத்துட்டா ஒரு மெஷினையும் நிறுத்த விட மாட்டாங்க. கன்ட்ரோலர் பக்கத்துல ஸ்விட்ச்சுல கேபிள் மாத்துறதுன்னா மெஷினை நிறுத்தித்தான் ஆகணும். மாசியில பராமரிப்புக்கு நிறுத்துற அன்னிக்கே கேபிள் வேலையை முடிச்சிருங்க. கேட்வேயையும் சிம்மையும் அப்புறம் எப்ப வேணும்னாலும் தொடலாம்.